உஷார்! பின்னாடி ஆடுகிற பழைய காரை ஓட்டாதீர்கள்

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் காரின் பின்பக்கம் லேசாக வழுக்குகிறதா? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் ஒரு பக்கம் இழுக்கிறதா? சின்னப் பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கியதுமே வண்டி தன்னிஷ்டத்துக்கு அரை அடி தள்ளிப் போகிறதா?

நிறுத்துங்கள். இன்றைக்கே நிறுத்துங்கள்.

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருப்பார்கள். "பழைய வண்டி, பழகிடும்" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். இரண்டுமே பொய். பழகுவது வண்டி அல்ல, நீங்கள். ஆபத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை ஏன் இவ்வளவு பதறிக்கொண்டு எழுதுகிறேன் என்றால், காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைத் தாண்டி மாகறல், உத்திரமேரூர் போகிற சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பாருங்கள், தெரியும். கூரை கழற்றிய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அகல டயர் போட்ட பழைய கார் என்று ஒன்றிரண்டாவது பறக்கும். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தக் கார் அவர்களைவிட இரண்டு மடங்கு மூத்தது. அதன் பின் சக்கரங்களுக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பெற்றவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது.

அவர்களில் ஒருவனின் கதை இது. பெயர் வேண்டாம். பட்டு வியாபாரக் குடும்பத்துப் பையன். எங்கோ மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஹெரால்டை வாங்கினான். அந்தக் காரின் கூரை போல்ட்டால் மாட்டியது, கழற்றுவது சுலபம். கழற்றினான். சிவப்புப் பெயின்ட் அடித்தான். பின் சீட்டை எடுத்துவிட்டான். எஞ்சினை மாற்றினான். ரோட்டில் அடி தட்டுகிறது என்று சொன்னதற்கு, ஒர்க்‌ஷாப்பில் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். பார்க்க எடுப்பாக இருந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது.

முதல் வாரமே அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், "பின்னாடி கொஞ்சம் டான்ஸ் ஆடுதும்மா" என்று. சிரித்துக்கொண்டே சொன்னானாம். அம்மாவும் சிரித்துவிட்டார்.

மழை விட்ட ஒரு காலை. சேயாற்றுப் பக்கம் போகிற வழியில் ஒரு வளைவு. அவன் மட்டும்தான் வண்டியில். பெரிய வேகம்கூட இல்லை என்கிறார்கள் பார்த்தவர்கள். வளைவுக்குள் பாதி போன பிறகு, எதிரே ஆட்டுக்குட்டி ஒன்று ரோட்டோரம் அசைந்தது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து வெடுக்கென்று காலை எடுத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. பிரேக்கைக்கூடத் தொடவில்லை. பின்பக்கம் எகிறி முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கார் பின்னோக்கி வயலில் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கூரை இல்லை. சீட் பெல்ட்டும் இல்லை. இடுப்பெலும்பு, தோள்பட்டை இரண்டும் போயின. உயிர் தப்பியது. நெல் வயலாக இருந்ததால் தப்பியது. அதே இடத்தில் புளியமரம் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மாகறலில் திருமாகறலீஸ்வரர் உடும்பின் வால் வடிவில் இருக்கிறார். எலும்பு நோய் தீர வேண்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த அம்மாவும் போய் வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடக்கிறான், ஈசன் புண்ணியம். ஆனால் அந்த வேண்டுதலுக்கு அவசியமே வந்திருக்கக் கூடாது.

அந்த விபத்துக்குக் காரணம் ஆட்டுக்குட்டி இல்லை. மழை இல்லை. பையனின் இளமைத் திமிர்கூட இல்லை. கூடுதலாக வைத்த அந்த ஒரு பட்டைதான்.

எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இது தெரியாமல்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம். 1961 முதல் நம் மெட்ராஸில், வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைத் தயாரித்தது. இதே அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே ஹெரால்டின் கூரையைக் கழற்றி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது ஒன்றும் விபரீதக் கற்பனை அல்ல. விபரீதம் பின்பக்கத்தில் இருக்கிறது.

அம்பாசடர் மாதிரி வண்டிகளில் பின்னால் ஒரே இரும்பு ஆக்ஸில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. சக்கரம் எப்போதும் நேராகத் தரையில் நிற்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் பக்கத்துக்கு ஒரு கிராஸ் ஜாயின்ட்; அங்கிருந்து சக்கரம் வரை ஒரு ஷாஃப்ட். அந்த ஜாயின்ட்டில் ஷாஃப்ட் மேலும் கீழும் மடங்கும். சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், அதுதான் இரண்டு சக்கரங்களையும் மேலே தாங்கிப் பிடிக்கிறது.

வண்டியின் பின்பக்கம் அழுத்தி இறங்கியிருந்தால் சக்கரத்தின் மேல்புறம் உள்ளே சாய்ந்து, தரையை அகலமாகப் பிடிக்கும். நல்லது. பின்பக்கம் எழும்பினால்? சக்கரத்தின் அடிப்புறம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயரின் ஓரம் மட்டும்தான் தரையில் இருக்கும். வளைவில் வெளிச்சக்கரத்துக்கு இது நேர்ந்தால் வண்டியையே அது மேலே நெம்பும். நெம்ப நெம்ப இன்னும் மடங்கும். பிடிப்பு ஒரு நொடியில் போய்விடும்.

ஓடுகிற வண்டியின் பின்பக்கத்தை எழுப்புவது எது? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. எடை முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. பிரேக் போட்டால் இன்னும் அதிகம் எழும்பும். அந்தப் பையன் பயந்து காலை எடுத்தான் பாருங்கள், அந்த ஒரு செய்கைதான் சக்கரத்தை அடியில் மடக்கியது. நாம் எல்லோருமே இயல்பாகச் செய்வது அதைத்தானே!

ஆள் குறைவாக இருந்தால்தான் ஆபத்து அதிகம். இது யாருக்கும் தோன்றாது. நாலு பேர் ஏறினால் பின்பக்கம் இறங்கிச் சக்கரம் விரிந்து நிற்கும். ஒருவர் மட்டும் ஓட்டினால் பின்பக்கம் இலேசாகித் தூக்கி நிற்கும். பின் சீட்டைக் கழற்றி, ஸ்டெப்னியைக் கழற்றி, எடையைக் குறைத்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள் கவனியுங்கள். குறைத்தது எடையை மட்டுமல்ல.

இப்போது அந்தப் பட்டை விஷயத்துக்கு வருகிறேன். கூடுதல் பட்டை வைத்ததும் பின்பக்கம் நிரந்தரமாக உயர்ந்துவிடுகிறது. நிற்கும்போதே சக்கரம் பாதி மடங்கிய நிலையில் நிற்கிறது. ஸ்பிரிங் முரடாகிவிடுகிறது, வளைவில் வண்டி சாயும்போது பின் சக்கரங்களின் பிடிப்பு முதலில் போகிறது. ட்ரையம்ஃப் கம்பெனிக்கே இந்தக் குறை தெரியும். 1970 கடைசியில் ஸ்பிட்ஃபயரின் நான்காவது மாடலை வெளியிட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டைக் கட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு, மற்ற பட்டைகள் நடுவில் ஊசலாடும்படி விட்டார்கள். அதாவது வளைவில் பின் ஸ்பிரிங்கின் முரட்டுத்தனத்தைக் குறைத்தார்கள். செய்தவன் தளர்த்தினான். நம் ஊரில் இன்னும் ஒரு பட்டையைச் சேர்த்து இறுக்குகிறோம்! நேர் எதிர்த்திசை.

மெட்ராஸ் கம்பெனிக்கும் தெரிந்துதான் இருந்தது. ஹெரால்டுக்குப் பிறகு 1970-களில் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இந்த மடங்கும் ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்ஸிலை வைத்தார்கள். நம் ரோட்டுக்கு அதுதான் சரி என்று தயாரித்தவர்களே முடிவு செய்த விஷயத்தில் இன்றைய மெக்கானிக் ஒருவர் "நான் பார்த்துக்கிறேன் தம்பி" என்றால் நம்பலாமா?

அமெரிக்காவில் இதே மாதிரிப் பின்பக்கம் கொண்ட ஷெவர்லே கோர்வேர் காரைப் பற்றி 1965-ல் ரால்ஃப் நாடர் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதினார், நாடே கொந்தளித்தது. பின்னால் 1972-ல் அமெரிக்க அரசுச் சோதனை, அதே காலத்து மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்றது. எனக்கென்னவோ அது ஆறுதலாகப் படவில்லை. அந்தக் காலத்து மற்ற கார்களும் அப்படித்தான் இருந்தன என்றுதானே அர்த்தம்! அந்தக் காரில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கம்பெனி முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 காற்று அடிக்கச் சொன்னது. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் வண்டி ரோட்டில் நின்றது. காற்று அடிக்கிற பையன் நாலுக்கும் ஒன்றாக அடித்தால் முடிந்தது கதை.

ஹெரால்டுக்கும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம் என்பதுதான் கையேட்டுக் கணக்கு. நம் பங்க்கில் என்ன நடக்கிறது? "அண்ணே, எவ்ளோ?" "முப்பது அடி." நாலு டயருக்கும் முப்பது! பிள்ளைகளே, உங்கள் வண்டியின் கணக்கைத் தெரிந்துகொண்டு, டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். காசில்லாத வைத்தியம் இது. முதலில் இதைச் செய்யுங்கள். பாதி ஆட்டம் இதிலேயே அடங்கிய வண்டிகள் உண்டு.

அடுத்தது டயர். இங்கேதான் பலர் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். பழைய கார் வருடத்துக்குக் கொஞ்சம் தூரம்தான் ஓடும். டயரில் கட்டை அப்படியே இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், பாருங்கள். 2317 என்றால் 2017-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பத்து வயது டயர் புதிது மாதிரி மினுக்கினாலும் ஈர ரோட்டில் சோப்புக் கட்டிதான். இன்னொன்று, முன்னால் புது ரேடியல், பின்னால் பழைய நைலான் டயர் என்று கலந்து போட்டிருக்கிறீர்களா? பின்பக்கம் வழுக்குவதற்கு அது ஒன்றே போதும். கலக்கவே கலக்காதீர்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு எங்கே வியாதி? அது எப்போது ஆடுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

நேர் ரோட்டில், சின்னப் பள்ளத்தில், பின்பக்கம் திடீரென்று பக்கவாட்டில் குதிக்கிறதா? சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். அல்லது அது மாட்டியிருக்கும் இடமே துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போகும்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் இழுக்கிறதா? இதுவும் அதே புஷ்தான், அல்லது கிராஸ் ஜாயின்ட். சக்கரமே ஸ்டியரிங் மாதிரித் திரும்பிக்கொண்டிருக்கிறது. இது ஆகப் பொல்லாதது. ஏனென்றால் ஓட்டுகிறவன் கையில் இல்லாத ஸ்டியரிங் அது.

பிரேக் போட்டால் மட்டும் வால் திரும்புகிறதா? பின் ட்ரம் ஒரு பக்கம் முன்னதாகப் பிடிக்கிறது. எண்ணெய் கசிந்து லைனிங்கில் இறங்கியிருக்கும். சஸ்பென்ஷனைக் குடைவதற்கு முன் இதைப் பாருங்கள்.

வளைவின் நடுவில் காலை எடுத்தால் மட்டும் பின்பக்கம் பாய்கிறதா? அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"டக் டக்" என்று பின்னாலிருந்து சத்தம், கிளட்சை விடும்போது? ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஹெரால்டின் பின் ஷாஃப்ட் 948 சிசி எஞ்சினுக்காகச் செய்தது. அதன் மேல் பெரிய எஞ்சினை ஏற்றியிருக்கிறீர்கள். அந்த ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்காது. சக்கரம் ட்ரம்மோடு சேர்ந்து கழன்று போகும். ஆமாம், மொத்தமாகப் போகும்.

நிறுத்தி வைத்து என்ன பார்ப்பது? வண்டியின் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து உட்காருங்கள். சக்கரங்கள் நேராகவோ, மேல்புறம் சற்று உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். அடிப்புறம் உள்ளே, மேல்புறம் வெளியே என்று நின்றால் அபாயம். ஒரு எச்சரிக்கை: ஜாக்கி வைத்து இறக்கிய உடனே பார்க்காதீர்கள். அப்போது நல்ல வண்டியின் சக்கரமும் மடங்கித்தான் நிற்கும். முன்னும் பின்னுமாக நாலடி உருட்டிவிட்டுப் பாருங்கள். பின் மூலையை ஒரு முறை அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும். ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பிறகு ஜாக்கியில் ஏற்றி, கீழே ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் அல்லது அடிப்புற புஷ்.

வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்றே என்பார்கள். எதைப் பார்த்தார்கள்? பெரும்பாலான கடைகளில் முன் சக்கரம் இரண்டை மட்டும் பார்த்து அனுப்புகிறார்கள். ஆடுவது பின்பக்கம்! நாலு சக்கரமும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மெஷின் இல்லாத ஊரில் நூல் போதும். நான்கு ஸ்டாண்டு வைத்து, காரின் இரண்டு பக்கமும், சக்கரத்தின் நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நூல் கட்டுங்கள். ஒவ்வொரு பின் சக்கரத்தின் ரிம்மிலும் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். தறியில் பாவு ஓட்டும்போது ஓர் இழை தளர்ந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற ஊர் இது. இந்த வேலைக்கு நம்மைவிட யார்? சக்கரங்களின் முன் விளிம்புகள் வெளிப்புறம் விரிந்திருந்தால் வண்டி ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டேதான் போகும். சற்றே உள்ளே பார்த்திருப்பது நல்லது. ஹெரால்டில் இதைச் சரிசெய்வது, சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி என்று சொன்னேனே, அதன் பிராக்கெட்டுக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகடுகள்தான். பழைய வண்டியைப் பிரித்து மாட்டும்போது அந்தத் தகடுகளைத் தொலைத்துவிடுவார்கள். "சும்மா ரெண்டு வாஷர் மாதிரி கிடந்துச்சு" என்பார்கள். அவைதான் உங்கள் பிள்ளையின் உயிர்.

ஒன்று சொல்கிறேன், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். காற்று, டயர், பிரேக், புஷ், அளவு, அப்புறம் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் ஒன்றாக மாற்றிவிட்டு ஆட்டம் நின்றால், எதனால் ஆடியது என்று தெரியாமலே போகும். திரும்பவும் வரும்.

போலீஸ், இன்ஷூரன்ஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி செய்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த தனிப் பதிவு விதியும், அடிச்சட்டம், பாடி, எஞ்சினை மாற்றிய வண்டிக்குக் கை கொடுக்காது. விபத்து என்று வந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடலாம். எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால், அந்த நஷ்டஈடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கவும் கூடும்.

வேகம் பார்க்கத்தான் ஆசை என்றால் இதே பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ட்ராக் இருக்கிறது, 1990-லிருந்து. அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும், பாதையில் ஆடு வராது. உத்திரமேரூர் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், தறிக்காரர்கள் கோறாப் பட்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் வருகிறார்கள். உங்கள் வால் சுற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்?

இன்னும் சரிசெய்யாத வண்டியை ஒர்க்‌ஷாப் வரையாவது ஓட்டித்தானே ஆக வேண்டும் என்பீர்கள். வேண்டாம், இழுவை வண்டியில் ஏற்றுங்கள். முடியவே இல்லையென்றால் ஆமை வேகம், பட்டப்பகல், காய்ந்த ரோடு. வேகத்தை எல்லாம் வளைவுக்கு முன்னால் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் காலை வெடுக்கென்று எடுக்காதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். மெதுவாக, ஒரே சீராக வெளியே வாருங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே! உங்கள் பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து "பின்னாடி கொஞ்சம் ஆடுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், நீங்கள் சிரிக்காதீர்கள். சாவியை வாங்கி வையுங்கள். பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால், அதைக் கழற்றி, பின் சக்கரத்தை அளந்து, அளந்த காகிதத்தை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுத்த பிறகே சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.